சுங்கை சிப்புட்டில் ஓர் அமரோனே

சென்ற தீபாவளிக்கு ஈப்போவில் வாங்கி வந்த மாசி கோஸ்தாசேரா அமரோனே என்னும் இத்தாலியச் சிவப்பு வைன் பாட்டிலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திறந்தோம். விலை 260 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தலைசுற்ற வைக்கும் தொகை என்பதால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே உள்ள வல்பொலிச்செல்லா குன்றுகளில் விளையும் கொர்வீனா திராட்சைதான் இதில் 70 விழுக்காடு; மீதி ரொந்தினெல்லாவும் கொஞ்சம் மொலினாராவும். பறித்த பழத்தை உடனே பிழிவதில்லை. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த வேலை எளிதில் விளங்கும்: காற்றோட்டமான பரணில், மூங்கில் தட்டுகளில் குலைகளைப் பரப்பி ஏறத்தாழ 100 நாள் காய விடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீர் வற்றிவிட, சர்க்கரையும் சாரமும் செறிகின்றன. அந்தச் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்து முடிந்தால் அமரோனே. பாதியில் நின்றால் ரெச்சோத்தோ என்னும் இனிப்பு வைன். அமரோனேவுக்குக் குறைந்தது 14 விழுக்காடு மதுச்சாரம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பாட்டிலில் 15 என்று அச்சிட்டிருந்தது.

இதற்கு முந்திய ஆண்டு வேறோர் இத்தாலியச் சிவப்பு வைனை உள்ளூர்க் கடையொன்றில் வாங்கி ஏமாந்திருந்தேன். வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் எத்தனை மாதம் நின்றதோ, கொதிக்க வைத்த பழப்பாகின் வாடைதான் மிஞ்சியிருந்தது. அதனால் இம்முறை குளிரூட்டிய அறையில் பாட்டில்களைப் படுக்கவைத்திருக்கும் கடையைத் தேடிப் போனேன்.

பரிமாறும் முறையில்தான் நம் ஊர் குறுக்கே நிற்கிறது. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்று ஐரோப்பியர் சொல்வது அவர்களுடைய குளிர்ந்த கல்வீட்டை மனத்தில் வைத்துத்தான். அமரோனேவுக்கு 18 பாகை, மிஞ்சிப்போனால் 20. எங்கள் கூடத்தில் அன்று மதியம் 32. அந்தச் சூட்டில் ஊற்றினால் பழமணம் மேலெழும் முன்பே மதுச்சாரம் மூக்கைக் குத்தும். இந்த வைன் ஒரு மணி நேரமாவது காற்றாட வேண்டும் என்பதும் உண்மை, அந்த ஒரு மணி நேரத்தில் அது சூடேறிவிடும் என்பதும் உண்மை. ஆகவே சாறு கலக்கும் அகலமான கண்ணாடிச் சாடியில் வைனை ஊற்றி, பனிக்கட்டி மிதந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்தச் சாடியை நிறுத்தி, சமையல் வெப்பமானியால் அவ்வப்போது பார்த்து, 17 பாகைக்கு இறங்கியதும் வெளியே எடுத்தேன். கள்ளுக்கு இல்லாத சடங்கு இதற்கு மட்டும் எதற்கு என்று மச்சான் கேட்டார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். நிறம் அடர் மாதுளைச் சிவப்பு. சுழற்றினால் கண்ணாடியில் எண்ணெய்போல் மெல்ல வழிந்து இறங்குகிறது. உலர்ந்த செர்ரி, உலர் திராட்சை, கொக்கோ, சிறிது ஏலக்காய் என அடுத்தடுத்து மணங்கள் வந்தன. வாயில் கனமாக, கிட்டத்தட்ட இனிப்பாகத் தொடங்கி, விழுங்கியபின் மெல்லிய கசப்பில் முடிகிறது. நாற்பது ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிக்க வர்ற மாதிரி வந்து கசந்துட்டுப் போவுது” என்றார். இத்தாலிய மொழியில் அமாரோ என்றால் கசப்பு. பெயரின் வேர் அதுதான்.

உணவோடு பொருத்தும்போது முதலில் தோற்றுப்போனோம். அக்கா வழக்கம்போல் காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டுச் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தபோது, 15 விழுக்காடு மதுச்சாரம் மிளகாயின் எரிச்சலை இரட்டிப்பாக்கியது. பழச்சுவை எங்கோ ஒளிந்துகொண்டு துவர்ப்பு மட்டும் நாக்கில் நின்றது. புளி போட்ட மீன் குழம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் அதே ஆட்டிறைச்சியை, மிளகாயைக் குறைத்து, கருமிளகும் பட்டையும் சோம்பும் தூக்கலாக இட்டு, வெங்காயம் கருஞ்சிவப்பாகும் வரை சுருள வதக்கி மறுநாள் சமைத்தபோது, கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு இரண்டின் சுவையும் கூடின. வெரோனாக்காரர்கள் இதை நெடுநேரம் வெந்த இறைச்சியோடும் முற்றிய பாலாடைக்கட்டியோடும் அருந்துவதன் காரணம் அப்போது புரிந்தது. எதிர்பாராத வெற்றி, சீனர் கடையிலிருந்து வாங்கி வந்த தாவ் யூ பாக்தான்: சோயா சாற்றில் ஊறிய பன்றிக் கொழுப்பின் இனிப்பும் உப்பும் இந்த வைனின் உலர்பழச் சுவைக்கு அளந்து வைத்ததுபோல் இருந்தன. மலாய் இறைச்சிக் கறியான ரெண்டாங் நடுத்தரம், தேங்காய் ஒத்துழைத்தது, எலுமிச்சைப்புல் முரண்டு பிடித்தது.

தாகத்துக்குக் குடிக்கும் வைன் அன்று இது; நான்கு பேருக்கு ஒரு பாட்டில் தாராளம். மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மிச்சம் மூன்றாம் நாளும் கெடவில்லை. அந்தக் கடைசி அரைக் கோப்பையை, பார்மிஜானோ பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு, மச்சானே கேட்டு வாங்கிக் குடித்தார்.