சரளைக் குவாரிக்கு 6 அங்குல டீசல் டிராஷ் பம்ப்: வாங்கலாமா?

டிராஷ் பம்ப் என்றால் கல், மணல் கலந்த நீரையும் இறைக்கும் பம்ப். ஆழம் குறைந்த குவாரிப் பள்ளத்துக்கு நல்ல பம்ப், தாராளமாக வாங்கலாம். உறிஞ்சும் உயரம் ஏட்டுக்கணக்கில் 10.3 மீட்டர் என்றாலும், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினால் நீர் ஏறத் திணறும், இம்பெல்லரும் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) அரிபடும். பள்ளம் அதைவிட ஆழமென்றால் நீர்மூழ்கி பம்ப்தான் சரி.

3 அங்குலக் கல்லையும் வெளியே தள்ளிவிடும் என்கிறார்கள். இருக்கட்டும், இதற்கு எமன் கல் இல்லை, மணல். இம்பெல்லருக்கு எதிரே தேய்மானத்தைத் தாங்க வைத்திருக்கும் தகட்டை (wear plate) தேய்த்து இம்பெல்லருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கிவிடும். பிரைம் ஆக (உள்ளிருக்கும் காற்று வெளியேறி நீர் நிரம்ப) நேரம் பிடித்தால் முதலில் சக்ஷன் ஹோஸ் (உறிஞ்சும் குழாய்) இணைப்புகளில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். அடுத்து அந்த இடைவெளியை. ஹோஸ் முனையை மிதவையில் கட்டி, தரையிலிருந்து அரை மீட்டராவது தூக்கி வைத்தால் தேய்மானம் நன்றாகக் குறையும்.

இதில் உண்மையிலேயே பிடித்தது வேகக் கட்டுப்பாடு. முழு வேகத்தில் இறைத்தால் இறைத்த நீரின் கலங்கல் படிய வெட்டும் வண்டல் குட்டையில் நீர் தங்கும் நேரம் சுருங்கி, கலங்கலாகவே வெளியேறும். துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் கால்பங்காகிறது. களிமண் கலங்கலுக்கு ஒரே குட்டை போதாது. இரண்டு மூன்றைத் தொடராக வெட்டி, தேவைப்பட்டால் நுண்துகள்களை ஒன்றுசேர்த்துத் திரட்டும் மருந்தும் சேர்க்க வேண்டும்.

குவாரியை மூடும் கட்டத்தில் பம்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். கரையை 3:1 சரிவாக்கி (3 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) மேல்மண் பரப்பும்வரை ஓடட்டும். நீர்மட்டம் ஏறிவிட்டால் எக்ஸ்கவேட்டர் அடிச்சரிவை எட்டாது. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் பம்ப் தேவையென்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.