மூன்று நோ டிரம்ப்புக்கு எதிராக எந்தச் சீட்டை இறக்குவது?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒரு கை. நீங்கள் மேற்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்; எதிரே கிழக்கில் உங்கள் ஜோடி, வடக்கும் தெற்கும் எதிரிகள். இஸ்பேடில் 10, 9, 6. ஆர்ட்டினில் 8, 4. டைமனில் ராஜா, ஜாக்கி, 5, 3. கிளாவரில் ஜாக்கி, 7, 4, 2. ஏலத்தை ஒரு நோ டிரம்ப்பில் (துருப்பு இனம் இல்லாத ஆட்டம்) தொடங்கிய தெற்கிடம் 15 முதல் 17 புள்ளி இருக்கிறது (ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1). வடக்கு வேறெதுவும் கேட்காமல் நேரே மூன்று நோ டிரம்ப்புக்குத் தாவிவிட்டார். நீங்களும் உங்கள் ஜோடியும் வாய் திறக்கவில்லை. ஆடப்போவது தெற்கு. ஒன்பது பிடி அவருக்கு வேண்டும், அதை உடைக்க உங்களுக்கு ஐந்து வேண்டும். டம்மி, அதாவது வடக்கின் கை, மேஜையில் விரிவதற்கு முன்பே முதல் சீட்டை நீங்கள் இறக்கியாக வேண்டும்.

சேலம் அஸ்தம்பட்டியில் சனிக்கிழமை கூடும் எங்கள் மேஜையில் இந்தக் கையை வைத்து ஒரு மாலை முழுவதும் வாதம் ஓடியது. தட்டுவடை செட் தீர்ந்தும் வாதம் தீரவில்லை. உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் டைமன் 3 என்றார். கணினிப் பொறியியல் படிக்கும் அவருடைய தங்கை மகள் ஆர்ட்டின் 8 என்றாள். நான் இஸ்பேடு 10-இன் கட்சி. கிளாவருக்கு வக்காலத்து வாங்க ஆளில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி நான்கு சீட்டு இனத்தைத் திறப்பதில் பலனும் குறைவு, காப்பும் குறைவு.

பெரியவர் சொன்னது பழைய பாடம். நீளமான, வலுவான இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை இறக்கு என்பது பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டத்தின் காலத்திலிருந்தே வரும் வழக்கம். அதற்கு ஒரு கணக்கும் உண்டு. இறங்கிய சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால், அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்ந்து எத்தனை என்று தெரியும். 3 இறங்கினால் எட்டு. டம்மியையும் தன் கையையும் பார்த்து, தெற்கிடம் என்ன இருக்கிறது என்று உங்கள் ஜோடி எண்ணிவிடுவார். தெற்கும் அதே கணக்கைப் போடுவார் என்பதைத்தான் இந்தப் பாடம் சொல்லாமல் விடுகிறது.

டைமனின் உண்மையான குறை வேறு. தெற்கிடம் ஆஸும் ராணியும் சேர்ந்து இருந்தால், நீங்கள் இறக்கும் 3 அந்த ராணிக்கு ஒரு பிடியை இனாமாகக் கொடுக்கிறது. அவரை நோக்கி நாமே டைமனைக் கொண்டுபோகாதிருந்தால், அந்த ராணி உங்கள் ராஜாவுக்கு இரையாகியிருக்கும். ஒருவேளை ஜோடியிடமே ராணி இருந்து டைமன் நிமிர்ந்தாலும், அதாவது எதிரியின் பெரிய டைமன்கள் தீர்ந்து உங்கள் சிறு சீட்டுகளும் பிடி எடுக்கும் நிலைக்கு வந்தாலும், மீதிச் சீட்டுகளை எடுக்க மறுபடி உங்கள் கைக்கு வரவேண்டுமே! மருமகள் கேட்டது இதைத்தான்: “மாமா, உங்களிடம் மொத்தம் ஐந்து புள்ளி. டைமனை நிமிர்த்திவிட்டு எந்தச் சீட்டால் உள்ளே வருவீர்கள்?”

எதிரிகள் இருவரிடமும் சேர்ந்து குறைந்தது 25 புள்ளி இருக்கும் என்று வைத்தால், நம் பக்கம் அதிகபட்சம் 15. உங்களுடைய ஐந்தைக் கழித்தால் ஜோடியிடம் பத்து வரை இருக்கலாம். ஆகவே உள்ளே வரும் வழிகள் அவர் கையில்தான் இருக்கின்றன. அவருடைய நீள இனம் எது என்று தேடுவதே வேலை.

வடக்கு ஸ்டேமன் கேட்கவில்லை, அதாவது ‘உங்களிடம் நான்கு சீட்டு மேஜர் இருக்கிறதா’ என்று தெற்கிடம் விசாரிக்கவில்லை. (மேஜர் என்பது இஸ்பேடும் ஆர்ட்டினும்.) அப்படியானால் அவரிடம் ஆர்ட்டினோ இஸ்பேடோ நான்கு இருக்க வாய்ப்புக் குறைவு. (ஒரு இனத்தில் நான்கும் மற்ற மூன்றில் மும்மூன்றுமாக உள்ள கையோடு கேட்காமலே தாவுபவர்களும் உண்டு.) ஆர்ட்டினில் உங்களிடம் இரண்டு, டம்மியில் மிஞ்சினால் மூன்று. மீதி எட்டு. அதில் தெற்கு பெரும்பாலும் நான்குக்கு மேல் வைத்திருக்கமாட்டார். ஜோடியிடம் குறைந்தது நான்கு, பல நேரம் ஐந்து. இஸ்பேடிலும் அதே கணக்கைப் போட்டால் மீதி ஏழு. ஜோடியிடம் குறைந்தது மூன்று. எண்ணிக்கையில் ஆர்ட்டின் ஜெயிக்கிறது. ஆனால் இஸ்பேடில் 10-உம் 9-உம் சேர்ந்திருப்பதால் அது ஜோடியின் ராஜா-ஜாக்கிக்கோ ஆஸ்-ஜாக்கிக்கோ முட்டுக்கொடுக்கும். அவரிடம் ஒன்றுமில்லாவிட்டாலும் பெரிய சேதம் இல்லை. ஆர்ட்டின் 8 தவறாகப் போனால், தெற்கு தேடித் தவிக்க வேண்டிய ஜோடியின் ராணியை நாமே காட்டிக்கொடுத்ததாக ஆகும்.

டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியாஸும் 2011-இல் ஆயிரக்கணக்கான கைகளைக் கணினியில் ஆடவைத்து எழுதிய ஆய்வை மருமகள் துணைக்கு இழுத்தாள். ஒரு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப் என்று போன ஏலத்துக்கு எதிராக, குட்டையான மேஜர்கூட நாம் நினைத்ததைவிட நல்லது என்பது அதன் சாரம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அந்தக் கணினி நான்கு கைகளையும் பார்த்துக்கொண்டே ஆடுகிறது. தெற்கில் உட்காரும் மனிதருக்கு அந்த வசதி இல்லை.

எப்படிப் புள்ளி எழுதுகிறோம் என்பதும் விடையை மாற்றுகிறது. அஸ்தம்பட்டியில் நாங்கள் ஆடுவது ரப்பர், அதாவது ஒரே மேஜையில் ஒரு பக்கம் இரண்டு கேம் எடுக்கும் வரை ஆடுவது. கூடுதல் பிடி ஒன்றுக்கு எதிரிக்கு 30 புள்ளிதான். கேம், இங்கே மூன்று நோ டிரம்ப், எதிரிக்கு விழாமல் தடுப்பதோ நூற்றுக்கணக்கில் பெறும். அங்கே என் கட்சியை விட்டு நானும் துணிந்து ஆர்ட்டின் 8. மே மாதத்தில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் நான்கைந்து மேஜை போட்டு ஜோடிப் போட்டி ஆடுவோம். ஒரே கையை எல்லா மேஜையும் ஆடுவதால், மற்றவர்கள் கொடுக்காத அந்த 30-ஐ நீங்கள் கொடுத்தால் அந்தக் கையில் கடைசி இடம் உங்களுக்குத்தான். அங்கே நான் இஸ்பேடு 10-ஐ விடமாட்டேன். மருமகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவர் தோற்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வடக்கு ஸ்டேமன் கேட்டு, தெற்கு இரண்டு ஆர்ட்டின் என்று பதில் சொல்லி, வடக்கு அதன்பின் மூன்று நோ டிரம்ப்புக்குப் போயிருந்தால்? தெற்கிடம் ஆர்ட்டின் நான்கு. வடக்கு தேடியது இஸ்பேடு. இரண்டு மேஜரும் எதிரிகளுடையவை. அப்போது அதே பதின்மூன்று சீட்டில் டைமன் 3-தான் சரி. வெளியே ஓர் ஆஸும் டைமனில் ஐந்தாவது சீட்டும் இருந்தால், எந்த ஏலத்துக்கும் நானும் அதையே இறக்குவேன்.

துருப்பு உள்ள ஆட்டங்களில் போட்டி பெரும்பாலும் ஒற்றைச் சீட்டுக்கும் துருப்புக்கும் இடையில்தான். ஒற்றைச் சீட்டைக் கண்டாலே கை பரபரக்கும். துருப்பில் ஆஸோடு இரண்டு சிறு சீட்டு இருந்து, மற்றபடி கை வறண்டிருந்தால் அது அருமையான தேர்வு: துருப்பை அவர்கள் இழுக்கும்போது ஆஸால் நிறுத்தி, ஜோடியிடம் போய் வெட்டு வாங்கலாம், அதாவது அவர் அந்த இனத்தை இறக்க, உங்களிடம் அது தீர்ந்துவிட்டதால் துருப்பால் பிடி எடுக்கலாம். துருப்பில் ராணி, ஜாக்கி, 10 என்று வரிசையாக இருந்தால் அந்த வெட்டினால் லாபமே இல்லை. எப்படியும் வரவேண்டிய பிடியைத்தான் வேறு வழியில் எடுக்கிறீர்கள். தெற்கு ஒரு இஸ்பேடு, வடக்கு ஒரு நோ டிரம்ப், தெற்கு இரண்டு ஆர்ட்டின், வடக்கு பாஸ் என்று ஏலம் முடிந்து, உங்களிடம் இஸ்பேடில் ஆஸ், ராணி, 10, 9 இருக்கிறதா? டம்மியில் இஸ்பேடு குறைவு. தெற்கு அதை அங்கேதான் வெட்டப்போகிறார். முதல் சீட்டே துருப்பான ஆர்ட்டினாக இறங்கட்டும். உள்ளே வரும்போதெல்லாம் இன்னொன்று.