என்லார்ஜரும் எதிர்வீட்டுத் தறியும்

விசைத்தறி ஓடுற ஊர்ல, நெகட்டிவ்வைப் பெருசாக்கிப் பேப்பர்ல பிரின்ட் போடுற என்லார்ஜர் வச்சிருக்கிறவன் படத்தைப் பார்க்கிறதைவிட மல்டிமீட்டரைத்தான் அதிகம் பார்க்கணும். நம்ம குமாரபாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு தறிக்கூடம். நின்ன மோட்டாரெல்லாம் ஒண்ணாக் கிளம்புறப்ப 230 இருக்க வேண்டிய வோல்ட்டேஜ் 210-க்கு வந்துடும். ஃபேனும் டிவியும் அதைக் கண்டுக்காது. என்லார்ஜர் பல்பு கண்டுக்கும். டங்ஸ்டன் பல்புல வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கினா வெளிச்சம் முப்பது சதவீதம் போயிடும். கணக்குப் பார்த்தா அரை ஸ்டாப் (வெளிச்சம் பாதியானா ஒரு ஸ்டாப்).

அதோட விட்டாலும் பரவாயில்ல. கரன்ட் குறைஞ்ச பல்பு மஞ்சளடிக்கும். வெளிச்சத்தோட நிறத்தை வச்சே கான்ட்ராஸ்ட் மாத்துற மல்ட்டிகிரேடு பேப்பருக்கு நீல வெளிச்சம் கூடினா கான்ட்ராஸ்ட் ஏறும், பச்சை கூடினா இறங்கும். நீலம்தான் முதல்ல குறையுது. அதனால படம் வெளிறுறதோட சப்புன்னும் ஆயிடும். பேப்பர் துண்டுல போட்டுப் பார்க்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப்புல 12 செகண்ட் வெளிச்சம் கச்சிதமா இருக்கும். முழு பேப்பரை வச்சு அதே 12 செகண்ட் கொடுத்தா, டெவலப்பர்ல எழும்பி வர்ற முகத்துல ரத்தமே இருக்காது. எட்டுக்குப் பத்து பேப்பர், அதுவும் வெளிநாட்டுச் சரக்கு. ஊட்டியில 'இந்து' ஃபோட்டோ பேப்பர் தயாரான காலமா இது, கிழிச்சுப் போட்டுட்டு அடுத்ததை எடுக்க?

ஸ்டெபிலைசர் போடலாமேன்னு எல்லாரும் சொல்வாங்க. போட்டேன். ரிலே வச்சது, பேப்பர் மேல வெளிச்சம் விழுற நேரத்துல, அதாவது நடு எக்ஸ்போஷர்ல, 'டக்'னு படி மாறும். அதுக்கு வோல்ட்டேஜ் இறங்கினதே தேவலை. மோட்டார் வச்சுத் திருத்துற செர்வோ ஸ்டெபிலைசர் நல்லாத் திருத்துது, ஆனா அதோட மோட்டார் சுத்தி முடிக்கிறதுக்குள்ள என் எக்ஸ்போஷர் பாதி தாண்டிடும். எல்இடி பல்பு போட்டா வோல்ட்டேஜ் தொல்லையே இல்லைங்கறது உண்மைதான். பல்பு வெளிச்சத்தை நெகட்டிவ் மேல குவிக்கிற என் கண்டன்சர் லென்ஸுக்கு அது ஒத்துவரல, வெளிச்சம் நடுவுல கூடி ஓரத்துல குறையுது. கான்ட்ராஸ்ட் மாத்தப் போடுற கலர் ஃபில்டரோட கிரேடும் கணக்குப்படி வர மாட்டேங்குது. இன்டிகேட்டர் வச்ச சுவிட்ச்ல மாட்டினா, அணைச்ச பிறகும் மினுக் மினுக்குன்னு உயிர் இருக்கும், பேப்பரை மூட்டம் போட வைக்க அது போதும். திரும்பவும் 75 வாட் ஓபல் பல்புக்கே வந்துட்டேன். அதுவும் இப்ப கடையில கிடைக்கிறதில்ல. போன வாரம் ஃபியூஸ் போனதுக்கு மாற்று பல்பு தேடி அலைஞ்ச எரிச்சல்லதான் இதை எழுதறேன்.

நியாயமாச் சொல்லணும்னா மெஷின் மேல ஒரு குறையும் இல்லை. பழைய இத்தாலியத் தயாரிப்பு. பல்பும் லென்ஸும் இருக்கிற தலையை ஏத்தி எங்க நிறுத்தினாலும் அங்கயே நிக்கும். எல்-நிக்கார் 50 எம்எம் லென்ஸை எஃப் 8-ல வச்சா நாலு மூலையிலயும் ஃபிலிமோட கிரெய்ன், அதான் அந்தப் பொடித் துகள், மணல் மணலாத் தெரியும். சித்திரை வெயில்ல டெவலப்பரை 20 டிகிரியில நிறுத்த ஐஸ் வாங்கி மாளாது, ஆனா அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு கிடைச்சது. ஊருக்குள்ள பழைய ஸ்டுடியோ அண்ணன் ஒருத்தர் டைமரே வச்சுக்கலை. உதட்டுக்குள்ளயே எண்ணுவார். பல்பு மங்கினா எண்ணிக்கையை இழுப்பார், பளிச்சுன்னு ஆனா சுருக்குவார். பேப்பரைப் பிடிச்சு வைக்கிற ஈசல் சட்டம் மேல விழுற வெளிச்சத்துலயே கண்ணை வச்சிருப்பார், கை பாட்டுக்கு படத்துல வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து பர்ன் பண்ணிட்டிருக்கும். அவர்கிட்டப் பார்த்துக் கத்துக்கிட்டப்புறம் டைமரைக் கழட்டிட்டேன். இருபது வோல்ட் ஏறி இறங்கினாலும் பிரின்ட் இப்ப ஓரளவு ஒண்ணுபோல வருது. விலை உயர்ந்த டிஜிட்டல் டைமர் செய்யாததை வாய்க்கணக்கு செய்யுது. தாளம் தட்டுற மெட்ரோனோம் கருவி வச்சுப் பண்றவங்களும் உண்டு. எனக்கு அந்த டொக்கு டொக்கு ஆகாது, வெளிய தறிச் சத்தமே போதும்.

கூட்டாளி ஒருத்தன், "மாப்ள, பள்ளிபாளையத்துல ஸ்டுடியோ மூடறாங்க, என்லார்ஜரைச் சல்லிசாக் கொடுக்கறாங்க, எடுக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கான். பள்ளிபாளையத்துல தறி நம்ம ஊருக்குச் சளைச்சதில்ல. மெஷினுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் தருவேன். ஆனா வாங்காதே. பல்பு கிடையாது, பேப்பர் விலை கட்டாது, எதிர்வீட்டுக்காரன் எப்ப மோட்டாரைப் போடுவான்னு காது கொடுத்துட்டே நிக்கணும். உருப்படியா ஒரு ஃபிலிம் ஸ்கேனர் வாங்கிக்க.

என்னுதை விக்கறியான்னு கேட்க வேண்டாம். ஆயுத பூஜைக்குத் தறியெல்லாம் நிக்கும், வோல்ட்டேஜ் ஆடாது. அன்னிக்குப் போட நெகட்டிவ் எடுத்து வச்சாச்சு. சாயந்திரம் பொரி கொண்டு வர்றவங்க கதவைத் தட்டாம திண்ணையில வச்சுட்டுப் போங்க.