குடியை விட்டவர்களுக்கான கூட்டங்கள்: சில வருட அனுபவம்

குடியை நிறுத்தி சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் காலம் முழுக்க ஏதாவது ஒரு ஆதரவுக் குழுவுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறேன். எந்தக் குழு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் இரண்டு வாரம் வராவிட்டால், 'என்ன ஆச்சு?' என்று அங்கிருந்து யாராவது போன் செய்வார்களா? செய்வார்கள் என்றால் அந்தக் குழுவிலேயே இருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், நினைவு குழம்பும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்டவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டம் அதற்கு மாற்று ஆகாது.

தேடுவது பெரிய வேலை இல்லை. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் 'மீட்டிங் கைடு' செயலி பல நாடுகளில் பக்கத்தில் நடக்கும் கூட்டங்களை நேரத்தோடு காட்டும். ஆனால் எந்தப் பட்டியலாக இருந்தாலும் போன் செய்து உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். இடம் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், சில குழுக்கள் நின்றே போயிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வருபவர் மறுபடி கிளம்புவது கஷ்டம். 'திறந்த கூட்டம்' என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், கூட ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் கூட்டம் புதியவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஒருவர் தன் கதையைச் சொல்லும் கூட்டத்தில் ஆரம்பிப்பது நல்லது.

ஏ.ஏ. கூட்டத்தில் வருகைப் பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது. பை ஒன்று சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். வெளியார் நன்கொடையை இவர்கள் வாங்குவதில்லை. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்" என்றால் போதும், வற்புறுத்த மாட்டார்கள்.

எனக்கு மிகவும் உதவியது ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்ற வழக்கம். பெரும்பாலான குழுக்களில், ஒருவர் பேசி முடித்ததும் யாரும் அறிவுரை சொல்வதில்லை, திட்டுவதில்லை, 'ஐயோ பாவம்' என்பதும் இல்லை. அடுத்தவர் தன் கதையைத் தொடங்கிவிடுவார். வெளியே இப்படிக் கிடைக்காது. வீட்டில் வாயைத் திறந்தாலே சண்டை, இல்லாவிட்டால் உபதேசம். பதில் வராது என்று தெரிந்த இடத்தில்தான் நான் பொய் சொல்வது குறைந்தது. ஏமாற்ற அங்கே யாரும் இல்லை, எல்லாருக்கும் எல்லாத் தந்திரமும் தெரியும்!

கடவுள் பேச்சு பிடிக்காமல் ஓடுபவர்கள் உண்டு. 12 படிகளில் கடவுள் வருகிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. அங்கே படிகளும் இல்லை, ஸ்பான்சரும் (புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) இல்லை. உளவியல் பயிற்சிகள், ஆசை எழும்போது அதைக் கடக்கும் வழிகள், ஒருவருக்கொருவர் பேசி விவாதிப்பது என்று போகும். நான் இரண்டுக்கும் போயிருக்கிறேன், இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். ஏ.ஏ. வெறும் பக்தி சமாசாரம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியது. ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர முறையாக வழிகாட்டும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன. குடியின் அளவைக் குறைப்பது போன்ற வேறு சில அளவுகோல்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு குழுவில் மூத்தவர் ஒருவர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் புதியவரிடம் அதையும் நிறுத்தச் சொன்னார். அங்கே போவதை விட்டுவிட்டேன். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் துண்டுப் பிரசுரமே சொல்கிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அதை டாக்டரிடம் பேசுங்கள், ஸ்பான்சரிடம் அல்ல. இன்னொன்று, புதிதாக வந்தவர் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் காதல் வலை வீசுபவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இருந்தால் அங்கே தொடங்கலாம். ஸ்பான்சரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆன்லைன் கூட்டங்கள் நள்ளிரவில் கை கொடுக்கும், பயணத்திலும் அப்படித்தான். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் நம்மைத் தெரியாது. வாரம் ஒரு நேரடிக் கூட்டமாவது வைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச காலம் போனதும் சலிப்பு வரும். அதே கதைகள், அதே ஆள், அதே நகைச்சுவை. அந்தக் கட்டத்தில் கதவு திறக்கும் பொறுப்பையும் நாற்காலி போடும் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள். சாவி நம் கையில் இருந்தால் போகாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் தனியாக இருக்கிறது. குடிப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.