போட்டோ ஏற மாட்டேங்குதா? லிமிட்டை ஏத்துறதா, படத்தைச் சுருக்குறதா

மதுரைப் பக்கம் மாங்குளம் மலைல தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டை போட்டோ எடுத்துட்டு வந்த மேலூர் தம்பி ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணுனான். "அண்ணே, பாண்டியன் நெடுஞ்செழியன் பேரு இருக்குற படம் மட்டும் சைட்டுல ஏறவே மாட்டேங்குதுண்ணே, பார் முழுசா ஓடிட்டு கடைசில எரர்னு நிக்குது." சைட்டுக்கு சர்வர்ல இடம் குடுக்குற ஹோஸ்டிங்காரங்கள கேட்டா பெரிய பிளானுக்கு மாறுங்கன்னாங்களாம். மாறவே வேணாம்டான்னேன்.

லிமிட்டை ஏத்துறது தப்பான வழின்னு சொல்லல. சைட்டை ஓட்டுற பிஎச்பிங்குற சாஃப்ட்வேர்ல டீஃபால்ட்டா ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, ஒரே தடவைல அனுப்புற மொத்தத்துக்கும் (போஸ்ட்) 8 எம்பிதான். ஃபைல் லிமிட்டை தாண்டிருச்சுன்னு ஸ்கிரீன்லயே மெசேஜ் வந்துச்சுன்னா ஹோஸ்டிங்கோட செட்டிங்ஸ் பக்கமான சிபேனலுக்குள்ள போயி அந்த ரெண்டையும் கூட்டிருங்க, அஞ்சு நிமிஷ வேலை. 413 எரர் வந்தா அது பெரும்பாலும் என்ஜின்எக்ஸ்ங்குற வெப் சர்வர் பிடிச்சு நிறுத்துறது, அதோட டீஃபால்ட் 1 எம்பி, அங்க மாத்தணும்.

ஆனா தம்பி கேஸ் அது இல்ல. அவன் படம் 9 எம்பி, சர்வர் லிமிட் 64 எம்பி. அப்புறம் ஏன் விழுகுதுன்னா எம்பியை மட்டும் பாத்துட்டு பிக்சலை பாக்காம விட்டுர்றோம். போன்ல 50 மெகாபிக்சல் மோட்ல எடுத்திருக்கான், 8160க்கு 6120, கிட்டத்தட்ட அஞ்சு கோடி பிக்சல். ஜேபெக்கா மடிச்சு வச்சிருக்குறப்ப 9 எம்பி, ஆனா தம்ப்நெயில், அதாவது சின்ன சைஸ் காப்பி, வெட்டுறதுக்கு சர்வர் அதை விரிக்கணும்ல, பிக்சலுக்கு நாலு பைட்டுன்னு வச்சா 200 எம்பி மெமரி ஒரே படத்துக்குப் போயிரும், அவன் ஹோஸ்டிங்ல குடுத்திருந்த மெமரி 128 எம்பிதான். பார் முழுசா ஓடிட்டு அப்புறம் செத்துப்போறதுக்கு இதுதான் காரணம், ஃபைல் போய்ச் சேந்துருச்சு, வெட்டுறப்பதான் மூச்சு நிக்குது. சைட் நடத்துற சாஃப்ட்வேரான வேர்ட்பிரஸ், 2019ல வந்த 5.3 வெர்ஷன்லேருந்து பெரிய படத்தை தானே 2560 பிக்சலுக்கு குறைச்சுக்கும்தான், ஆனா குறைக்கணும்னாலும் முதல்ல முழுசா விரிச்சாகணுமே.

அதனால என் ஓட்டு முன்னாடியே சுருக்குறதுக்குத்தான். ஸ்கூஷ்னு கூகுள்காரங்க செஞ்ச டூல் இருக்கு, பிரவுசர்லயே ஓடும், படம் நம்ம மெஷினை விட்டு வெளிய போகாது. அகலம் 2400, குவாலிட்டி 80 வைங்க, போதும். ஐபோன்ல படம் ஹெச்இஐசிங்குற வேற ஃபார்மட்ல வந்து அடம்பிடிச்சா, இனிமே எடுக்குற படமெல்லாம் ஜேபெக்கா வர்ற மாதிரி போன் கேமரா செட்டிங்ஸ்ல மாத்திக்கங்க.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் கவனமா பண்ணணும். நிறைய பேரு வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பி சுருக்கிக்கிறாங்க. கோயில் திருவிழா படத்துக்கு சரி, கல்வெட்டுக்கு தயவுசெஞ்சு வேணாம். அந்த எழுத்தெல்லாம் பாறைல லேசா கீறுனது, ரெண்டாயிரம் வருச வெயிலும் மழையும் பாத்தது. வாட்ஸ்அப் நசுக்குன படத்துல எது எழுத்தோட கோடு, எது பாறை வெடிப்புன்னு பிரிச்சே பாக்க முடியாது. முழு பாறையையும் சுருக்காதீங்க, எழுத்து இருக்குற பட்டையை மட்டும் கிராப் பண்ணுங்க, பிக்சலும் குறையும் கீறலும் அப்படியே நிக்கும்.

மூணாவது வழி, கூகுள் போட்டோஸ்ல போட்டு அந்த அட்ரஸை எடுத்து ஒட்டுறது. நான் சிபாரிசு பண்ண மாட்டேன், கொஞ்ச நாள்ல லிங்க் செத்து படம் இருந்த இடம் காலியா கிடக்கும்.

தம்பி அன்னிக்கு ராத்திரியே அந்தப் பட்டையை வெட்டி ஏத்திட்டான், 700 கேபிதான் வந்துச்சு, நானும் இங்க உக்காந்து ஜூம் பண்ணி ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பாத்தேன். ஒரிஜினல் 9 எம்பியை மட்டும் அழிச்சுராத, ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைன்னு சொல்லியிருக்கேன்.