ரெட் டாட் பூட்டிய பிஸ்டல்: இரண்டு நாள் வகுப்பைத் தாங்குவது எது?

டெக்சாஸில் ஒரு ஜூலை மாதத் துப்பாக்கி சுடும் வகுப்பு. சனிக்கிழமை காலை சுடும் கோட்டில் நின்ற எங்களில் முக்கால்வாசிப் பேரின் பிஸ்டல் மேல் ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி, இருந்தது. ஞாயிறு மதியத்துக்குள் என்னுடையது உட்பட மூன்று பிஸ்டல்கள் படுத்துவிட்டன. மூன்றிலுமே கண்ணாடி உடையவில்லை, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸும் போகவில்லை. ஒன்றில் திருகு முறிந்தது, ஒன்றில் பேட்டரி தொடர்பு விட்டது, இன்னொன்றில் ரெட் டாட் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்க, துப்பாக்கிதான் காலி கேஸை (சுட்ட தோட்டாவின் கூட்டை) வெளியே தள்ள மறுத்தது.

அதனால் "எந்த ரெட் டாட் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், "எதன் மேல், எப்படிப் பூட்டப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அமெரிக்காவில் வகுப்புக்குப் போகிற நம்மவர்கள் பலர் 500 டாலர் கொடுத்து ரெட் டாட் வாங்குகிறார்கள், அதைத் தாங்கிப் பிடிக்கும் பிளேட்டையும் இரண்டு திருகையும் பெட்டியில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரைபிள் மேல் இருக்கும் ரெட் டாட் துப்பாக்கியோடு சேர்ந்து அதிர்வதோடு சரி. பிஸ்டலின் மேல்பாதியான ஸ்லைடு மேலேயே அது சவாரி செய்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் பாய்ந்து நின்று, திரும்ப முன்னால் பாய்ந்து நிற்கிறது. மாதம் நூறு ரவுண்டு சுடுகிறவருக்கு இது ஒரு வருஷம் வரை தெரியாமலே இருக்கலாம். இரண்டு நாளில் எண்ணூறு, ஆயிரம் என்று சுடும் வகுப்பில் ஒளிந்திருக்கும் பலவீனம் எல்லாம் வெளியே வந்துவிடும், அதுவும் கை வியர்வை, புழுதி, கொதிக்கும் ஸ்லைடு எல்லாம் சேர்ந்த நேரத்தில்.

பிளேட்டா, மில்லிங்கா

பிஸ்டல் நிறுவனமான கிளாக் 2015-இல் ரெட் டாட் பூட்ட வசதியான எம்ஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்தது. ஸ்லைடில் ஒரு பொதுவான பள்ளம், அதற்குள் ஒரு பிளேட், அதன் மேல் நீங்கள் வாங்கும் ரெட் டாட். பல பிராண்டுகள் பொருந்தும், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், விலையும் குறைவு. வசதி என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் இதில் இரண்டு இணைப்புகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: ஸ்லைடுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஒன்று, பிளேட்டுக்கும் ரெட் டாட்டுக்கும் இடையே இன்னொன்று. பிளேட் பள்ளத்துக்குள் மயிரிழை ஆடினாலும், அந்த ஆட்டத்தின் அடி முழுவதும் திருகின் கழுத்தில் விழுகிறது. திருகு இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யப்பட்டது, பக்கவாட்டு அடியைத் தாங்க அல்ல. அந்த அடியை வாங்க பிளேட்டிலோ ஸ்லைடிலோ குமிழ் அல்லது விளிம்பு இருக்க வேண்டும், அது ரெட் டாட்டின் அடிப்பாகத்தோடு இறுக்கமாகப் பொருந்தவும் வேண்டும்.

மில்லிங் என்றால் குறிப்பிட்ட ஒரு ரெட் டாட்டுக்கு ஏற்ற பள்ளத்தை ஸ்லைடிலேயே வெட்டிவிடுவது. இணைப்பு ஒன்றுதான். ரெட் டாட் தாழ்வாக உட்காரும், திருகு நேராக ஸ்லைடின் எஃகில் கடித்துப் பிடிக்கும். நல்ல கைவேலைக்காரர் வெட்டிய பள்ளத்தில் திருகே போடாமல் டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் ரெட் டாட்டை வைத்து ஸ்லைடைக் கவிழ்த்தால்கூட அது கீழே விழாது, அவ்வளவு இறுக்கம். குறை என்னவென்றால் அந்த ஸ்லைடு அந்த அடிப்பாகத்துக்கே வாழ்க்கைப்பட்டுவிடும், ஸ்லைடை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

வகுப்பில் எது நிற்கும் என்று மட்டும் கேட்டால் என் பதில் மில்லிங்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிளேட்தான் வேண்டும் என்றால் பெட்டியில் வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, ஃபார்வர்டு கன்ட்ரோல்ஸ் டிசைன், சி அண்ட் எச் மாதிரி தனியாக பிளேட் செய்கிறவர்களிடம் உங்கள் துப்பாக்கிக்கும் உங்கள் ரெட் டாட்டுக்கும் என்றே அளந்து செய்ததை வாங்குங்கள்.

அந்த ஜூலை வகுப்பில் எனக்கு நடந்தது இதுதான். முதல் நாள் முடிவில் ஏழு கெஜத்தில் என் குண்டுகள் இரண்டு அங்குலம் இடப்பக்கம் போயின. விசையைத் தவறாக அழுத்துகிறேன் என்று பயிற்சியாளரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மறுநாள் காலை ஓய்வு நேரத்தில் வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருகுத் தலையிலிருந்து ரெட் டாட்டின் உடல் வரை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தேன், அந்தக் கோடு இரண்டாக உடைந்து, திருகின் மேலிருந்த பாதி ஒரு நெல்மணி அகலத்துக்கு நகர்ந்திருந்தது. இறுக்கலாம் என்று டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனைத் திருப்புளி) வைத்துத் தொட்டேன், திருகுத் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. அந்தக் கோட்டை ஒவ்வொரு மேகசின் இடைவேளையிலும் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு இல்லை. இப்போது இருக்கிறது.

பூட்டும் முறையும் முக்கியம். திருகையும் துளையையும் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். முறுக்கு விசை காட்டும் டார்க் ரெஞ்சில் அளந்து இறுக்க வேண்டும், ஆர்எம்ஆருக்கு டிரிஜிகான் சொல்வது 12 இன்ச்-பவுண்டு. அப்புறம் முழுசாக ஒரு நாள் அதைத் தொடக் கூடாது, லாக்டைட் 242 முழுக்க இறுக 24 மணி நேரம் ஆகும். வகுப்புக்கு முந்தின ராத்திரி ஹோட்டல் அறையில் புது ரெட் டாட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. நாள் கூலியை விட்டு, தோட்டாவுக்குச் செலவழித்து, மதியம் வரை துப்பாக்கியோடு மல்லுக்கட்டுவார்கள்.

திறந்ததா, மூடியதா

டிரிஜிகான் ஆர்எம்ஆர், ஹோலோசன் 507சி எல்லாம் திறந்த வகை. பின்னால் இருக்கும் ஒரு சின்ன எல்இடி முன்கண்ணாடி மேல் ஒளியைப் பாய்ச்சும், இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்று. ஏய்ம்பாயிண்ட் ஆக்ரோ, ஹோலோசன் 509டி, ஸ்டைனர் எம்பிஎஸ் எல்லாம் மூடிய வகை. முன்னும் பின்னும் கண்ணாடி, எல்இடி உள்ளே பத்திரமாக இருக்கும்.

இந்த வித்தியாசத்தை மழையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. வகுப்புகளில் ஒரு பயிற்சி உண்டு: ரெட் டாட்டின் முன்கண்ணாடியில் டேப்பை ஒட்டிவிட்டுச் சுடச் சொல்வார்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், இன்னொரு கண் இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும், குண்டு போக வேண்டிய இடத்துக்கே போகும். அதாவது முன்கண்ணாடி அழுக்கானாலும் பிழைத்துக்கொள்ளலாம். எல்இடி மேல் ஒரு துளி தண்ணீர் உட்கார்ந்தால் கதையே வேறு. புள்ளி சிதறி நட்சத்திரமாக விரியும், இல்லை காணாமலே போகும். சட்டை நூல், மண், வழிந்த துப்பாக்கி எண்ணெய், எதுவாக இருந்தாலும் அதே கதைதான். மூடிய வகையில் இந்தப் பிரச்சினை கிடையாது, கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்தால் போதும்.

எடை என்று வந்தால் திறந்ததன் கைதான் ஓங்கும். ஆர்எம்ஆர் 34 கிராம், ஆக்ரோ பி-2 கிட்டத்தட்ட 60 கிராம். பார்க்கும் கண்ணாடி ஜன்னலும் ஆர்எம்ஆரில் 22-க்கு 16 மில்லிமீட்டர், ஆக்ரோவில் 16-க்கு 16தான், புதிதாகப் பழகுகிறவர் புள்ளியைத் தேடித் திணறுவார். அந்தத் திணறல் சில நாள் வெறும் துப்பாக்கியை உருவிப் பழகினால் போய்விடும் என்பதால் அதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை.

உறுதியில் ஆர்எம்ஆரின் உடல் வடிவத்தைக் குறை சொல்ல முடியாது. மேல் விளிம்பின் இரண்டு மூலைகளும் நடுவைவிட உயர்ந்திருப்பதால், கீழே விழுந்தாலும் அடி கண்ணாடியை விட்டு விலகி உடல் வழியாக இறங்கிவிடுகிறது. சேஜ் டைனமிக்ஸ் நடத்தும் ஆரன் கோவன் பல வருஷமாக ரெட் டாட்களை ஆயிரக்கணக்கில் ரவுண்டு சுட்டு, இடையிடையே தோள் உயரத்திலிருந்து வேண்டுமென்றே கீழே போட்டுச் சோதித்து வருகிறார். பலர் பணம் போட்டு வாங்குவதற்கு முன்னால் அவருடைய சோதனைகளைத்தான் பார்க்கிறார்கள். ஒரே கையால் ஸ்லைடை இழுக்க ரெட் டாட்டை பெல்ட்டில் மாட்டித் தள்ளும் பயிற்சி வகுப்பில் வரும்போது இந்த உடல் உறுதி நேரடியாகக் கைகொடுக்கும்.

பேட்டரி

ஆர்எம்ஆர் முதலில் வந்தது 2009-இல். அதில் பேட்டரி அடியில் இருந்தது, மாற்ற வேண்டும் என்றால் ரெட் டாட்டையே கழற்ற வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும், ஜீரோவை, அதாவது புள்ளி இருக்கும் இடத்தில் குண்டு விழுகிறதா என்பதை, சரிபார்க்க வேண்டும். முதல் தலைமுறையில் ஸ்லைடின் அதிர்வில் பேட்டரி ஆடித் தொடர்பு விட்டு, புள்ளி மினுக்கி மறைவதும் பலருக்கு நடந்தது. அடுத்த பதிப்பான டைப் 2 வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பேட்டரி அடியில்தான் இருந்தது, 2023-இல் வந்த ஆர்எம்ஆர் எச்டியில்தான் அதை மேலிருந்து மாற்ற வழி வந்தது. 507சியில் பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டு, பூட்டியபடியே மாற்றிவிடலாம். ஆக்ரோவின் முதல் பதிப்பான பி-1 சின்னதான சிஆர்1225 பேட்டரியில் ஓடியது, அதன் ஆயுள் யாருக்கும் திருப்தியாக இல்லை. 2021-இல் வந்த பி-2வில் சிஆர்2032 வைத்து, ஐந்து வருஷம் வரும் என்று சொல்லி அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

ஐந்து வருஷம் என்று சொன்னாலும் நான் வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலன்று, மாற்றிவிடுவேன். இன்னொன்று: குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய காசு பேட்டரிகள் இப்போது கடையில் நிறைய வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடர்பைத் தடுக்கும், ஏர்டேக்குக்கு ஆப்பிளே அப்படி எச்சரித்திருக்கிறது. ரெட் டாட்டுக்குப் பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

தானாக வெளிச்சம் மாற்றிக்கொள்ளும் வசதியை வகுப்பில் நான் நம்புவதில்லை. நாம் கொட்டகை நிழலில் நிற்போம், இலக்கு உச்சி வெயிலில் இருக்கும், கருவி நிழலை அளந்து புள்ளியை மங்கலாக்கிவிடும். கையால் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொள்வதே மேல்.

துப்பாக்கியின் பக்கம்

மூன்றாவது பிஸ்டலின் கதைக்கு வருகிறேன். பக்கத்துக் கோட்டில் நின்ற தம்பிக்குக் காலி கேஸ் ஸ்லைடுக்குள்ளேயே சிக்கிக்கொண்டே இருந்தது. தோட்டாவை மாற்றினார், மேகசினை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சியாளர் வந்து ரெட் டாட்டின் வலப்பக்கத் திருகை ஒரு சுற்று தளர்த்தி, கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை நகத்தால் தள்ளிப் பார்த்தார், அது உயிர் வந்த மாதிரி அசைந்தது. கிளாக் ஸ்லைடில் அந்தத் திருகுத் துளைக்கு நேர் கீழேதான் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் குச்சி ஓடுகிறது. திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் அந்தக் குச்சியை நசுக்கிவிடும், கேஸைப் பிடித்து இழுக்க எக்ஸ்ட்ராக்டருக்குத் தெம்பு இருக்காது. வேறு பிளேட்டோடு வந்த திருகைத் தம்பி இதில் போட்டிருந்தார். அதனால் பூட்டியவுடன் எக்ஸ்ட்ராக்டரை விரலால் தள்ளிப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

கனமான ரெட் டாட், புதுசான விறைப்பு ஸ்பிரிங், வலுக் குறைந்த 115 கிரெய்ன் (குண்டின் எடை) பயிற்சித் தோட்டா மூன்றும் சேர்ந்தாலும் ஸ்லைடு சோம்பி ஜாம் ஆகலாம். புதுச் சேர்க்கையை வகுப்புக்கு முன்னால் இருநூறு ரவுண்டாவது, வகுப்புக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவில், சுட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சிக் எம்17 பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பின் குறி (குறிபார்க்கும் இரும்புப் பள்ளம்) உட்கார்ந்திருக்கும் தகட்டைக் கழற்றித்தான் ரெட் டாட்டைப் பூட்ட வேண்டும், அதாவது பின் குறியும் கூடவே போய்விடும். புள்ளி அணைந்தால் இலக்கை ஜன்னல் சட்டத்துக்குள் நடுவாக வைத்துச் சுடலாம், ஏழு கெஜம் வரை நன்றாகவே வரும், அதற்கு மேல் இரும்புக் குறி இல்லாமல் சிரமம்தான்.

2025-இல் கிளாக்கும் ஏய்ம்பாயிண்டும் சேர்ந்து சிஓஏ என்ற மூடிய ரெட் டாட்டைக் கொண்டுவந்தன. முன்பக்கம் ஸ்லைடுக்குள் கொக்கி மாதிரி நுழையும், பின்பக்கம் ஆப்பு ஒன்று இறுக்கிப் பிடிக்கும், நடுவில் பிளேட் இல்லை. திருகின் கழுத்தில் விழுந்துகொண்டிருந்த அடியை ஸ்லைடின் உலோகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

காசு ஒரு தடையில்லை என்றால் மில்லிங் செய்த ஸ்லைடில் ஆக்ரோ பி-2. நடுத்தரச் செலவுக்கு மில்லிங் செய்த ஸ்லைடில் ஆர்எம்ஆர் டைப் 2 அல்லது 507சி, மழைக்காலத்தில் பையில் பஞ்சுக் குச்சிகளோடு. எம்ஓஎஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஸ்லைடை வெட்ட மனமில்லை என்றால் நல்ல எஃகு பிளேட்டும் 507சியும். மூடியது என்பதற்காக 509டியை பிளேட் மேல் போடலாமா என்று கேட்பீர்கள். அதற்கு ஆர்எம்ஆர் அடிப்பாகத்தில் உட்கார இன்னொரு அடாப்டர் வேண்டும், ஆக எம்ஓஎஸ்ஸில் மூன்று இணைப்பு ஆகிவிடும். மில்லிங் செய்த ஸ்லைடில் போடுங்கள், பிளேட் மேல் வேண்டாம்.

அக்டோபரில் எனக்கு அடுத்த வகுப்பு. ஸ்லைடு மில்லிங் முடிந்து போன வாரம்தான் வந்தது. திருகை இறுக்கி, வெள்ளைக் கோடு போட்டு, மேஜை மேல் வைத்திருக்கிறேன், நாளை மாலை வரை தொட மாட்டேன்.