லியனார்டோவின் இரண்டு மூளைகள்

லியனார்டோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்த தலையில், கண்ணுக்குப் பின்னால் மூளையின் அறைகளாக மூன்று குமிழ்கள் வரிசையாக இருக்கும். முன்னறையில் புலனுணர்வு, நடுவில் சிந்தனை, பின்னால் நினைவு என்ற இடைக்கால நம்பிக்கையின் படம் அது. பக்கத்தில் வெட்டிய வெங்காயம் வேறு! தலையின் அடுக்குகளை விளக்கத்தான்.

1508 வாக்கில் வரைந்தது வேறு ரகம். மாட்டு மூளையில் காற்று வெளியேறத் துளையிட்டு, உருக்கிய மெழுகைப் பீச்சாங்குழலால் உள்ளே செலுத்தினார். மெழுகு இறுகியதும் மூளையை அரிந்து எடுத்தார். வரிசைக் குமிழ்களைக் காணோம். கொம்புபோல் வளைந்த இரண்டு பெரிய அறைகளும், அவற்றுக்குப் பின்னால் சிறிய அறைகளும் தெரிந்தன.

படமாக எனக்கு முதலாவதைத்தான் பிடிக்கும். சரி, நம்புவதென்றால் இரண்டாவதைத்தான். ஆனால் அதிலும் பழைய பெயர்களையே எழுதிவைத்தார். நினைவு அப்போதும் பின்னறையில்தான் இருந்தது.